விழுந்தாச்சு... இனி நிம்மதி!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். தையல் விடும் சத்தம் எனக்கே கேட்டது. ஆனாலும் அவர் நிற்கவில்லை. உதறிக்கொண்டு ஓடிவிட்டார்.

அவர் யோகராஜா. அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஓடிய இடம், கண்டியில் ஓர் உள்ளக விளையாட்டரங்கு. நடந்துகொண்டிருந்தது சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் போட்டி. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவர் மனைவி சாந்தி.

கலஹா பக்கம் பஸ் ஒன்று புரண்டதில் சாந்தியின் கால்கள் இரண்டும் செயலிழந்தன. அதன் பிறகு யோகராஜா அவரைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே... குளியலறைப் படியை இடித்துச் சமமாக்கினார். கட்டிலின் உயரத்தைக் குறைத்தார். தங்கமான மனிதர். ஆனால், சாந்தி தானாகத் தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "இரு, இரு... விழுந்துருவ!" என்று பதறி ஓடி வருவார்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கூடைப்பந்து ஆடப் போவதென்றால் சும்மாவா? சாந்தி கெஞ்சினார், கோபித்தார், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். கடைசியில் யோகராஜா இறங்கி வந்தார் – ஒவ்வொரு நாளும் தானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு!

அன்று சாந்திக்கு முதல் போட்டி. உற்சாகப்படுத்த நானும் கூடப் போயிருந்தேன். இவ்வளவு முரட்டு விளையாட்டு என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? நாற்காலியோடு நாற்காலி மோதுகிறது. யாரும் யாரிடமும் 'சொறி' சொல்வதில்லை.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. பந்தைத் துரத்திப் போன சாந்தி மீது எதிரணிப் பெண் வேகமாக வந்து மோத... டமார்! இடுப்பில் பட்டி போட்டிருந்ததால் நாற்காலியோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தார் சாந்தி.

யோகராஜா ஓடியது அப்போதுதான். எல்லைக்கோட்டில் பயிற்சியாளர் கையை நீட்டி மறித்தார். "இன்ன, இன்ன!" என்று முதலில் சிங்களத்தில் ஓர் அதட்டல்; பிறகு தமிழில், "கொஞ்சம் பொறுங்க ஐயா. அவங்க எழும்புவாங்க."

சாந்தி ஒரு கையைத் தரையில் ஊன்றினார். மறுகையால் சக்கரத்தைப் பிடித்து உந்தினார். நாற்காலி பாதி எழும்பி, மறுபடியும் விழுந்தது.

"சாந்தி! நான் வாறேம்மா!"

தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினார் சாந்தி. "நீங்க அங்கேயே நில்லுங்க!"

அந்தக் குரலை அந்த வீட்டுச் சுவர்கள்கூடக் கேட்டிருக்காது. யோகராஜா அப்படியே நின்றார். சாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை உந்த... நாற்காலி நிமிர்ந்தது. அரங்கமே கைதட்டியது. சாந்தி எதையும் கவனிக்கவில்லை. பந்து எங்கே என்று தேடிப் போய்விட்டார்.

போட்டியில் தோற்றார்கள். அதுவும் நன்றாகவே தோற்றார்கள்.

வெளியே வந்த சாந்தியின் முழங்கை சிராய்ந்திருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. "அக்கா, இத்தன நாளா விழுந்துருவேனோ, விழுந்துருவேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு விழுந்தாச்சு. அப்பாடான்னு இருக்கு!"

யோகராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா, கண்ணீரா... நான் கேட்கவில்லை. "எனக்கும்தான் அக்கா," என்றார் மெதுவாக.

ஒருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நம்முடைய பயத்தைத்தானோ?

ஆட்டோ எங்கள் குறுகலான ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீடுவரை செங்குத்தான மேடு. பழக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியை நோக்கிப் போன யோகராஜாவின் கைகள் பாதியிலேயே நின்றன.

"தள்ளட்டுமா?" என்று கேட்டார். அப்படி அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாந்தி மேட்டைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. மேட்ச் ஆடுனேன்தான்... அதுக்காகப் பைத்தியமா புடிச்சிருக்கு?"