நடை சாத்திய பிறகும் ஓடிய நெட்

மகள் அமெரிக்காவில் பெண் குழந்தை பெற்றிருந்தாள். மண்டியை விட்டு என்னாலும், முட்டுவலியால் என் மனைவியாலும் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போடும்போது கம்ப்யூட்டரில் நேராகக் காட்டுகிறேன் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். அதற்கென்றே மாப்பிள்ளை எங்கள் திண்டுக்கல் வீட்டில் இன்டர்நெட் போட்டுக் கொடுத்திருந்தார். பேத்தியை நாங்கள் இன்னும் போட்டோவில்கூடப் பார்த்திருக்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: ஒரு கோயிலின் சன்னிதியை நேரலையாகக் காட்டும் பக்கம். காலையில் குளித்துத் திருநீறு பூசி, மானிட்டருக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் மண்டிக்குப் போவேன். அதை மூடத்தான் மனம் வரவில்லை. சாமி தலைக்கு மேல் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதை அமுக்கினால் சாமி போய்விடுவார். சாமியைப் போகச் சொல்ல நான் யார்? மானிட்டரை மட்டும் அணைத்து, மேலே ஒரு மஞ்சள் துண்டைப் போட்டுவிடுவேன். கோயிலில் திரை போடுவதில்லையா, அதுபோல.

வியாழக்கிழமை மகள் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் கூப்பிட்டாள். கறுப்புக் கட்டம்தான் வந்தது. நானும் மனைவியும் நெட் கம்பெனி ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த பெண், மாதத்துக்குக் கொடுத்த அளவு தீர்ந்துவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்துவிட்டோம், அடுத்த மாதம்தான் சரியாகும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்திரி பூரா உங்க வீட்ல யாரோ வீடியோ பாக்குறாங்கய்யா. வயசுப் பசங்க இருக்காங்களா?"

நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். அவள் என் திருநீற்றைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கேட்டாள்:

"நான் தூங்குனப்பறம் என்னத்தப் பாத்தீக?"

முருகன் மேல் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை.

மத்தியானம் என்ன ஏது என்று பார்க்கக் கம்பெனி ஆள் வந்தார். துண்டை எடுத்துவிட்டு மானிட்டரை ஆன் செய்தார். உச்சிகால பூசை முடிந்து நடை சாத்தியிருந்த நேரம். திரை முழுக்க ஒரு மரக்கதவும் பூட்டும்.

"மானிட்டர அமத்துனா நெட் நிக்காதுய்யா. ராத்திரியெல்லாம் இந்தப் பூட்டத்தான் பாத்துருக்கீக."

சாமி பார்த்ததற்குக் கம்பெனியில் ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டேன். சாமியானாலும் சினிமாவானாலும் ஒரே அளவுதான் என்றார். என் மனைவி தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நிமிடமே, பேத்தியைக் காட்ட வைத்திருந்ததைப் பூட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். வீடியோ வராது, ஒரு போட்டோ வேண்டுமானால் மெதுவாக வரும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மகள் போட்டோ அனுப்பினாள். அது மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் சுவர். பிறகு தொட்டில் கயிறு. முடி தெரிந்தபோது நான் கைகூப்பிவிட்டேன். நெற்றி வந்தது, தன் அப்பா நெற்றி என்றாள் மனைவி. இல்லை, எங்கள் வீட்டு நெற்றி என்றேன் நான். திருஷ்டி கழிக்க உப்பையும் மிளகாயையும் கையில் பொத்தி வைத்திருந்தாள். முகம் முழுதாக வராமல் எப்படிச் சுற்றுவது என்று நின்றுகொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. பாப்பாவைப் பார்த்தாயிற்றா என்று மகள் கேட்டாள். மனைவி என்னிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு வரைக்கும் வந்துட்டாடி. மூக்கு எறங்கிக்கிட்டு இருக்கு. நீ போன வையி மொதல்ல, பேசிப்பேசி அவ நின்டுறப் போறா."