இத்தாலியக் காருக்கு வடம் பிடித்தோம்

போன கோடையில், சுவிட்சர்லாந்தில் வில் என்ற நகருக்குத் தெற்கே ஒரு மலைச்சாலையில் நடந்தது இது. பழைய கார்கள் வரிசையாக ஏறிக் காட்டும் நாள் அது.

நான் பழைய கார் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் மேற்படிப்புப் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் அம்மா எல்லோரிடமும் என்னை 'எஞ்சினியர்' என்றே சொல்வார். நகக்கண்ணில் இருக்கும் கிரீசைப் பற்றிச் சொல்லமாட்டார்.

முதலாளியிடம் ஒரு சிவப்பு இத்தாலியப் பந்தயக் கார் இருக்கிறது. அவருடைய அப்பா ஓட்டியது. அதன் வரலாறே ஒரு கூத்து. பந்தயம் தொடங்கினால் எல்லோருக்கும் முன்னால் பறக்கும். பாதி வழியில் எண்ணெய் ஒழுகும், இல்லையென்றால் தண்ணீர் கொதிக்கும், கியர் இறுகும். திரும்பி வருவது லொறியில். இதே மலையில் அந்த அப்பா பல தடவை முயன்றும் முடிவுக் கோட்டைக் கண்டதில்லை. தன் கையில் தெம்பு இருக்கும்போதே ஒரு தடவையாவது அதைக் கோடு தாண்ட வைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதை என்னை நம்பி ஒப்படைத்தார். குளிர்காலம் முழுக்க எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன்.

அன்று என் வீட்டார் ஒரு வான் வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். வடை, ரோல்ஸ், பிளாஸ்கில் தேநீர் எல்லாம் வந்தன.

"என்ன எஞ்சினியர், உன்ரை கார் ஓடுமோ?" என்றார் சித்தப்பா.

"ஓடும் சித்தப்பா. நிக்காமல் ஓடுமோ எண்டுதான் தெரியேல்லை."

அவர்கள் முடிவுக் கோட்டருகே போய் நின்றார்கள். நான் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் என்ன அழகாக ஏறியது! கடைசி வளைவு திரும்பியதும் கொடி தெரிந்தது. கூடவே கருகல் மணமும் வந்தது. எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. எஞ்சினிலேயே கண்ணாக இருந்த நான் கிளட்சைப் பழையபடி விட்டிருந்தேன்; கருகியது அதுதான். கார் மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. பழைய கால்பிரேக் அந்த ஏற்றத்தில் பிடிக்கவில்லை; கைப்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அப்போது என் அப்பா ஓடி வந்தார். வேலியோரம் அடுக்கியிருந்த விறகில் ஒரு கட்டையை இழுத்துப் பின் சக்கரத்துக்குக் கீழே செருகினார். எங்கள் கோயில் தேருக்கு வருடாவருடம் கட்டை போடுவது அவர்தான்.

"சில்லு நிண்டிட்டுது, பயப்பிடாதை. கயிறு கிடக்கோ?"

இழுவைக் கயிறு இருந்தது. முன்னால் கட்டி இரண்டு வடமாக விட்டோம்.

"பொம்பிளையளுக்கு ஒரு பக்கம் விடுங்கோ!" என்று சித்தி சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்.

நான் கொடிக்காரரிடம் ஓடிப்போய் இழுக்கலாமா என்று கேட்டேன். "பந்தயம் இல்லையே, பின்பக்கமாகத் தாண்டாமல் இருந்தால் சரி" என்று சிரித்தார்.

"அரோகரா!" என்றார் சித்தப்பா. கார் அசைந்தது. அப்பா சில்லோடு சில்லாக நடந்து, இழுப்பு நிற்கும்போதெல்லாம் கட்டையைச் செருகினார். வேடிக்கை பார்த்த சுவிஸ்காரர்களும் வடத்தைப் பிடித்தார்கள். பொருள் தெரியாமலே அவர்களும் "அரோகரா" போட்டார்கள். நடுவில் முதலாளி ஹெல்மெட்டோடு உற்சவமூர்த்தி போல அமர்ந்து வந்தார்.

கோட்டைத் தாண்டியதும் அவர் இறங்கி, காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்ன கத்தினீர்கள் என்று கேட்டார். சாமியை இழுக்கும்போது சொல்வது என்றேன்.

"இந்தக் காருக்குச் சாமியை விட்டால் வேறு வழியில்லை" என்றார், அம்மா நீட்டிய ரோல்ஸைக் கடித்தபடி.

திங்கட்கிழமை கிளட்சைக் கழற்றினேன். ஒவ்வொரு பரீட்சையாகத் தனியே ஏறி வந்தவன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். நான் தயங்கி நின்ற இடங்களிலெல்லாம் பின்னுக்கு உருளாமல் இருந்தது, யாரோ குனிந்து கட்டை செருகியதால்தான் என்று இப்போது தெரிகிறது.