அரை அங்குலம் குட்டையான கை

தம்பியின் உடல் வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஆணியடித்து வந்த பெட்டி அப்படியே மண்ணுக்குள் போனது. பத்து நாள் கழித்து ராணுவ அலுவலகத்திலிருந்து ஒரு காகிதப் பை வந்தது. கைக்கடிகாரம், சவரப் பெட்டி, சாகும்போது போட்டிருந்த சட்டை. துவைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். இடது மார்பு மட்டும் பெயர்ப்பட்டையோடு சேர்ந்து பிய்ந்துபோயிருந்தது.

அண்ணன் தையல்காரர். துணி கைக்கு வந்தால் கழுத்திலிருந்து டேப் தானாக இறங்கிவிடும். தோளை அளந்தார்; பதினெட்டரை. தம்பிக்குப் பதினேழு. கைகளை அளந்தார். இரண்டும் ஒரே நீளம்.

தம்பி எட்டு வயதில் மதில் ஏறி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டவன். கட்டு சரியாக விழாமல் கை அரை அங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது. லீவில் வந்தபோது அவனுடைய யூனிஃபார்ம் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது கையைப் பிரித்து, அரை அங்குலம் குறைத்துத் தைத்துக் கொடுத்தவர் இதே அண்ணன்தான்.

"அம்மா, இது அவன் சட்டை இல்ல."

அதைச் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அளவு தப்பாதேடா?"

"தப்பாதும்மா."

சாவுச் சேதி வந்த பன்னிரண்டு நாளில் அன்றைக்குத்தான் அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள்.

கடையில் தம்பிக்குப் பெயர் காஜா. சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டைக்கு நூல் சுற்றும் காஜா வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாய் பாட்டுக்கு வம்பளக்கும், ஊசி பாட்டுக்கு ஓடும். தொந்தி பெருத்த வாடிக்கையாளர் படியிறங்கியதும், "அண்ணே, அடுத்த தடவை ரெண்டு டேப்பை முடிச்சுப் போட்டு வச்சுக்கங்க" என்பான். வாங்கிக் கட்டிக்கொள்வான். மறுநாள் அதே ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து நண்பனாகியிருப்பான்.

போர் தொடங்கிய வருஷம் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றான். அம்மா அழுதாள். அண்ணன் சிரித்தார். "கை கோணினவனை எவன்டா எடுப்பான்? போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வா." அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது; கையைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு அண்ணனுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பஸ் நிறுத்தத்தில் அவன் பெயரில் நினைவுக் கல் வைக்க வேண்டுமென்று தெருச் சங்கத் தலைவர் போட்டோ கேட்டு வந்தார்.

"உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குங்க கல்லு?" என்றாள் அம்மா.

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. அலுவலகத்துக்கு நாலு கடிதம் எழுதினார். நாலுக்கும் ஒரே பதில், 'ஆழ்ந்த இரங்கல்'.

ஐந்தாம் மாதம், தோள் அகன்ற ஒரு ஆள் தாங்கித் தாங்கி நடந்து கடைக்கு வந்தான். தம்பியோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன். பையிலிருந்து மடித்த சட்டை ஒன்றை எடுத்துக் கட்டிங் மேசையில் வைத்தான்.

"அன்னைக்கு எனக்கு ஜுரம்ணே. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்தது. காஞ்ச சட்டையக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டுட்டு, என்னோட ஈரச் சட்டைய அவன் மாட்டிக்கிட்டான். தண்ணி எடுத்துட்டு வர்ற முறை என்னோடது. 'நீ படு, மாப்ளே, நான் போறேன்'னு போனான்." மேசையில் கிடந்த சட்டையைத் தடவினான். "நான்தாண்ணே தூக்கிட்டு வந்தேன். அவன் மூஞ்சியப் பாத்தேன்."

பின்கட்டிலிருந்து வந்த அம்மா வாசல் நிலையில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

"அளந்து பாரு" என்றாள்.

அண்ணன் அளக்காமலே அறிவார். ஆனாலும் டேப்பைப் போட்டார். தோள் பதினேழு. இடது கை அரை அங்குலம் குறைவு. மணிக்கட்டு ஓரத்தில் அவருடைய தையல்.

"சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

அம்மா சட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இதுதானே அவன் சட்டை? ஒரு கிழிசல் இல்லையே. அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகலடா."

வந்தவன் வாயைத் திறந்தான். அண்ணன் வேண்டாமென்று கையமர்த்தினார். அந்த நம்பிக்கை, ஐந்து மாதத்துக்கு முன்னால் அவரே வெட்டிக் கொடுத்த துணி; அதை அவள் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டுவிட்டாள்.

"ரெண்டாவது பட்டன் தொங்குது பாரு," என்று சட்டையை அவர் மடியில் போட்டாள். "தைச்சு வை. வந்ததும் கேப்பான்."

அண்ணன் ஊசியில் நூல் கோத்தார்.