முதலில் யார் வைப்பது?

என் கணவர் திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்க ஆட்களைப் படகில் கூட்டிப்போகிறவர். படகு எத்தனை மணிக்கு, இடம் இருக்கிறதா என்று ஆட்கள் போனிலேயே பார்க்கட்டும் என்று, வீட்டுக் கணினியில் சின்னதாக ஒரு வெப் சர்வர் எழுதினேன். பக்கம் திறக்கவேயில்லை. பிழைச் செய்தியும் இல்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டி எனக்கு விசர் பிடித்துவிட்டது.

மத்தியானம் அவர் கோல் எடுத்தார். "பக்கம் வேலை செய்யுதோ? ஆக்கள் கேக்கினம்."

"இன்னும் இல்லையப்பா."

"சரி, ஆறுதலாச் செய்யும். வைக்கிறன்."

"ஓம், வையுங்கோ."

வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் கரையில் காகங்கள் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கிறீரோ?" என்றார்.

"ஓம். நீங்கள் வைப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நானும் நீர் வைப்பீர் எண்டுதான்..."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டேன். என் சர்வரும் இதைத்தானே செய்கிறது! பிரௌசர் தொடர்பைத் துண்டிக்கும்வரை வாசித்துக்கொண்டே இருக்கும்படி எழுதியிருந்தேன். பிரௌசரோ பதில் வராமல் துண்டிக்காது. கேட்டு முடித்ததற்கு அடையாளமாக அது ஒரு வெற்று வரி அனுப்பும். அதைக் கண்டதுமே பதில் சொல்லும்படி மாற்றினேன். பக்கம் உடனே திறந்தது.

சர்வரைத் திருத்திவிட்டேன். எங்களைத் திருத்தவில்லை, திருத்தப்போவதுமில்லை. கடலால் கரைக்கு வந்துவிட்டேன் என்று அவர் வாயால் சொன்னால் எனக்குப் போதாது. "வைக்கிறன்" என்ற பிறகு, அந்தக் காகங்கள் கத்துவதும் கேட்க வேண்டும்.