குறைந்த மண்ணெண்ணெய்

கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்தில் அன்றைக்கும் சாடியில் மண்ணெண்ணெய் குறைந்தது. இரண்டாம் உலக யுத்த காலம், கூப்பனுக்குத்தான் மண்ணெண்ணெய். பர்மாவில் எண்ணெய்க் கிணறுகளை விட்டுவிட்டு ஓடிவந்திருந்த எங்கள் வெள்ளைக்காரத் துரை, ஆய்வுகூட உதவியாள் மஜீத் நானாவை மேலும் கீழும் பார்த்தார்.

இன்று கொம்பியூட்டரில் மொடல் ஓட்டும் பிள்ளைகளுக்கு எங்கள் மொடலைச் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டி நிறைய மணல், மணல் முழுக்க மண்ணெண்ணெய். நிலத்தடியிலும் எண்ணெய் பாறை இடுக்குகளில் அப்படித்தான் ஊறி நிற்கும். அங்கே எண்ணெயை மேலிருந்து தள்ளுவது வாயு; அதற்குப் பதிலாக நாங்கள் பம்பால் காற்றை ஏற்றுவோம். கீழ்க்குழாயால் எண்ணெய் சாடிக்குள் வரும். பெட்டிக்கு மணல் அடைப்பது நானா. எவ்வளவு வரவேண்டும் என்று துரையின் சமன்பாட்டைக் கைப்பிடி வைத்த கணக்கு மெஷினில் சுற்றிச் சுற்றிக் கணக்கிடுவது, வெள்ளவத்தையிலிருந்து போய்வந்த நான். கணக்குச் சொன்ன அளவு ஒருநாளும் வரவில்லை.

துரை மண்ணெண்ணெய் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டார். வாசலில் எங்கள் பைகளை முகர்ந்து பார்க்கக் காவலாளியை நிறுத்தினார். என் சோற்றுப் பெட்டியைக்கூட விடவில்லை! எனக்கோ துரைமேல் சந்தேகம். ஊரெல்லாம் பெற்றோல் இல்லாத நாளிலும் அவர் கார் மட்டும் எப்படி ஓடுகிறது?

கடைசியில், "திங்கட்கிழமையிலிருந்து மஜீத் வரத் தேவையில்லை" என்றுவிட்டார்.

நானா என்னிடம் வந்து அழுதார். "அல்லா அறிய நான் எடுக்கல்ல, மிஸ். எங்கட ஊட்ட விளக்குக்கே எண்ணெய் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயில் எண்ணெயோடு புஸ் புஸ்ஸென்று காற்றும் வருவதை நான் கவனித்திருந்தேன். காற்று எண்ணெய் முழுவதையும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் என்பதுதான் சமன்பாட்டின் எடுகோள். அப்படியென்றால் காற்று எப்படி முந்தி வரும்?

"சேர், மணலைக் கொட்டிப் பாப்பம்."

"கணக்குப் பிழைக்காது, மிஸ்."

"அப்ப கொட்டிப் பாக்க ஏன் பயப்பிடுறியள்?"

துரையின் முகம் சிவந்தது. ஆனாலும் தலையாட்டினார். நானா மணலை வெந்நீர் வாளியில் கொட்டிக் கலக்கினார். மண்ணெண்ணெய் மேலே மிதந்து வந்தது. அதை அள்ளிச் சாடியில் விட, குறைந்திருந்த அளவு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. காற்று லேசான வழி பார்த்து ஓடிவிட, எண்ணெய் மணலோடு தங்கியிருக்கிறது. நானா கையைத் துடைத்துக்கொண்டார்.

துரை சமன்பாட்டைத் திருத்த உட்கார்ந்தார். நானாவின் வேலை தப்பியது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

பிள்ளைகளே, மொடலும் நடப்பும் ஒத்துவராவிட்டால், ஆளைச் சந்தேகிக்க முன் எடுகோளைச் சந்தேகியுங்கள். அன்று நான் கற்றது அதுதான். துரையும் கற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, மாலையில் நானாவோடு வெளியே வந்தேன்.

வாசலில் காவலாளி கையை நீட்டினான்.

"பையைத் திறங்க."