கரை இறங்கிய தையல் மிஷின்

தருமபுரிச் சந்தையில் மீன் கேட்டால் கருவாட்டைக் காட்டுகிறார்கள். "நேத்துதான் வந்துச்சுங்க, புதுசு" என்று சத்தியம் வேறு. நாகப்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடற்கரைச் சொந்தங்களே, என்னை நினைத்துக் கவலைப்படாதீர்கள். களியும் கீரையும் தின்று நன்றாகவே பூசினாற்போல் இருக்கிறேன்.

யுத்தம் தொடங்கிய வருடம், தீபாவளிக்கு முன்பு, நல்லம்பள்ளித் தையல்காரர் முனுசாமி வந்தார். ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம், மிஷின் வாங்கக் கடன் கேட்டார்; வட்டி எவ்வளவானாலும் சரி என்றார். கையால் தைத்துத் தாமதமானதில் போன தீபாவளிக்கே பாதி வாடிக்கை கைவிட்டுப் போயிருந்தது. இந்த முறையும் தவறினால் கடையை மூட வேண்டியதுதான்.

"வட்டி எங்களுக்கு ஹராமுங்க, மார்க்கத்துல ஆகாது. மிஷினை நானே வாங்கறேன். வாங்கின வெலை இது, என் லாபம் இதுன்னு சொல்லி உங்களுக்கு விக்கறேன். தவணையில குடுங்க. தாமதமானாலும் வெலை ஏறாது" என்றார் இவர்.

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மிஷின் மாட்டுவண்டியில் எங்கள் வாசலுக்கு வந்தது. முனுசாமியும் அவர் மனைவி மாதம்மாளும் காத்திருந்தார்கள்.

"இங்க எதுக்குங்க எறக்கணும்? நேரா எங்கூட்டுக்கே ஓட்டலாமுங்களே."

"என் கைக்கு வராதத எப்படிங்க விப்பேன்?"

முனுசாமியின் முகம் தொங்கிவிட்டது. "பாய்க்கு மனசு மாறிப்போச்சு" என்று மாதம்மாள் முணுமுணுத்தாள்.

எனக்கு என்னைப் பெற்ற வாப்பாவின் நினைவு வந்தது. பாக்கு வியாபாரி. கப்பல் கடலில் இருக்கும்போதே விலை பேச வருவார்கள். "கரையில் இறங்கட்டும், அதுவரை நட்டம் என்னோடது" என்று அனுப்பிவிடுவார். வெறும் வீம்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இறக்கும்போது கயிறு நழுவி, மிஷினின் மிதிபலகை கல்லில் மோதி இரண்டாயிற்று. முனுசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எம்பொழப்பு போச்சுங்க."

"உங்களுக்கு என்னங்க போச்சு? ஒடஞ்சது என் மிஷினு" என்று இவர் சிரித்தார். மறுநாளே சேலம் போய் வேறு பலகை வாங்கிவந்து பூட்டினார். பிறகுதான், முன்பு சொன்ன அதே விலைக்கு விற்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாப்பாவை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் இருவரும் வெல்ல அதிரசத்தோடு வந்தார்கள். ஒரு துணி பாக்கியில்லாமல் தைத்துக் கொடுத்தாயிற்றாம்; போன வாடிக்கையும் திரும்பியதாம். மாதம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாயம்மா, உங்கூருக்குத் திரும்பிப் போயிற மாட்டீங்களே?"

"இதுதானே எங்கூரு" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் மறு கை கிழக்கே கடல் இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.