அக்காமார் ஃபோல்டருக்குள் ஒரு தங்கச்சி

கம்ப்யூட்டரின் கறுப்பு ஜன்னலில் கட்டளை தட்டிப் பிழைக்கும் தோழர்களே, நம் தொழிலில் நிரல் நம் வீட்டில் ஓடுவது பெரிதில்லை. அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும்.

இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு மாத்தளைக்குத் திரும்பிய எனக்கு முதல் வாடிக்கையாளராக வாய்த்தவர் ஸ்டூடியோக்காரர் நசீர் நானா. ஊர்ப் பெண் ரினோஸாவின் கல்யாணத்தில் அவர் எடுத்த மூவாயிரம் படங்களில், பெண் வீட்டார் குறித்துக் கொடுத்த இருநூறைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். ஆல்பம் அவர் கையோடு போயாக வேண்டும். "ஒரே கட்டளையில் முடிச்சுத் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தேன். என் வீட்டு லினக்ஸில் ஓடியது. கடையில் இருந்தது விண்டோஸ்.

இடைவெளி

ஃபோல்டரின் பெயர் 'ரினோஸா கல்யாணம்'. நடுவில் இடைவெளி உள்ள பெயருக்கு மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன். கட்டளை முதல் சொல்லோடு நின்று, ரினோஸா என்று யாரும் இல்லை என்றது. நானா திரையை உற்றுப் பார்த்தார்.

"மாத்தளைக்கே தெரிஞ்ச புள்ள தம்பி, ஒங்கட மெஷினுக்கு மட்டும் தெரியாதா?"

சாய்ந்த கோடு

மறுநாள், படம் இருக்கும் முகவரியில் ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்ந்த கோடு காலை வாரியது. முகவரியைக் கோட்டில் வெட்டி, கடைசித் துண்டைப் படத்தின் பெயராக எடுக்கச் சொல்லியிருந்தேன். லினக்ஸ் கோடு ஒரு பக்கம் சாயும், விண்டோஸ் கோடு மறுபக்கம். வெட்ட இடமில்லாமல் முழு முகவரியையே பெயர் என்று எடுத்துக்கொண்டது. இருநூறில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆல்பம் அடுக்கும் செல்வி காத்திருந்து அலுத்துப்போனாள்.

"இருவது வருஷம் வெளிநாட்டுல இருந்தீங்களே அண்ணே, கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு அங்க யாரும் சொல்லித் தரலையா?"

பாதை நீளம்

புதன்கிழமை, பாதை, அதாவது அந்த முகவரி, மிக நீளம் என்று விண்டோஸ் கையை விரித்தது. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூத்த அக்கா கல்யாணத்துக்குள் அடுத்த அக்கா கல்யாணம், அதற்குள் மூன்றாவது அக்கா, அவளுக்குள் நான்காவது, எல்லாவற்றுக்கும் அடியில் ரினோஸா. அக்காமார் ஒவ்வொருவரின் ஃபோல்டர் பெயரிலும் வாப்பா பெயர், மண்டபத்தின் பெயர். குடும்பம் கலையக்கூடாதென்று நானா இருபது வருஷமாக இப்படித்தான் அடுக்குகிறாராம்.

ரினோஸாவை வெளியே எடுத்து, டி டிரைவில் தனியாக வைத்தேன். கட்டளை ஓடியது, இருநூறு படங்களும் வந்து விழுந்தன. அன்றைக்கே அச்சுக்குப் போயின. வியாழன் மாலை ஆல்பம் வாங்க வந்த ரினோஸாவின் உம்மா திரையைப் பார்த்துவிட்டார். "அக்காமார் நாலு பேரும் ஒண்ணா ஈக்கிறாங்க, எங்கட கடைக்குட்டி மட்டும் ஏன் தனியா?" நானா அசரவில்லை.

"கல்யாணம் முடிஞ்சிச்சுதானே ராத்தா, தனிக்குடித்தனம் வச்சாச்சு!"

அன்றிலிருந்து எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும், என்ன கம்ப்யூட்டர் என்று கேட்பதற்கு முன் பெண்ணுக்கு எத்தனை அக்கா என்று கேட்டுவிடுகிறேன்.